தாத்தா விட்ட பறை

டீச்சர் பதில்கள்

(திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாடகம், பறை, ஓவியப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறார். இந்த இதழில் இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

டீச்சர், எங்கள் கல்லூரியில் பறைக் குழு தொடங்கியிருக்கிறார்கள். எனக்குச் சேர ஆசை. என் தாத்தா ஊரில் சாவுக்குப் பறை அடித்தவர். ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் "இனிமே அடிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு விட்டவர். அப்பாவிடம் கேட்டேன். "உங்க தாத்தா எதைத் தூக்கி எறிஞ்சாரோ அதை நீ தோள்ல மாட்டிக்கிட்டு ஆடப் போறியா?" என்றார். தோழிகளோ, "பறை நம்ம பெருமைடி" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, கடலூர் மாவட்டம்

உன் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் 'பெருமை' என்று நீ ஆரம்பித்தால் அவர் காதில் அது ஏறாது.

உன் மாவட்டத்துக்காரரான எல். இளையபெருமாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். காட்டுமன்னார்கோயில்காரர். 1952-ல் முதல் பொதுத்தேர்தலிலேயே நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1965-ல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு குழு போட்டபோது அதற்குத் தலைவர் அவர்தான். பறை அடிக்க மாட்டோம் என்று சனங்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர். அவர் காலத்து ஆட்களுக்குத் தாளத்தின் மேல் என்ன கோபம் இருந்திருக்க முடியும்? ஆள் வந்து கூப்பிட்டால் போட்டது போட்டபடி போக வேண்டும். இழவுச் செய்தி சொல்ல ஊர் ஊராக நடக்க வேண்டும். பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். கூலி இவ்வளவு என்று கேட்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாடு வாசலுக்கு வெளியே. 'இன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை, வரமாட்டேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல வழியில்லை. உன் தாத்தா ஊர்க்கூட்டத்தில் சொன்னது அந்தச் சொல்லைத்தான். அதைச் சொன்னதற்கு என்ன விலை கொடுத்தார் என்று உன் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். பல ஊர்களில் வயல் வேலையை நிறுத்தினார்கள், கடையில் சாமான் கொடுக்க மறுத்தார்கள்.

தீண்டாமையின் பெயரால் ஒருவரை இழிவான வேலை செய்யக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் 1976-ல் தனிப் பிரிவே சேர்த்தார்கள். 1989-ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்தவர்கள் பல பேர் இந்தப் பிரிவுகளுக்கெல்லாம் முன்னால் மறுத்தவர்கள்.

இதே பறை 1990-களில் வேறு வழியாகத் திரும்பி வந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியை ஒட்டி நடந்த தலித் கலை விழாக்களில் பறையை நடு மேடையில் வைத்தார்கள். எங்கள் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். பெண்கள் பறை அடிப்பதை அதுவரை பார்த்திராத ஊர்கள் வாயில் கைவைத்துப் பார்த்தன. உன் அப்பா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் போட அதுதான் இடம் தருகிறது. தாத்தா காலத்தில் உன் பாட்டி அந்தப் பறையைத் தொட்டு அடித்திருக்கவே மாட்டார். சாவுக்கு அடி என்று உன் குடும்பத்துப் பெண்களை யாரும் கூப்பிட்டதும் இல்லை, விருப்பப்பட்டு அடிக்க விட்டதும் இல்லை. அதனால் தாத்தா விட்ட இடத்துக்கு நீ திரும்பிப் போவதாக நான் நினைக்கவில்லை. உன் வீட்டுப் பெண்கள் யாரும் போகாத இடம் அது.

சரி, என்ன செய்யலாம்? அப்பாவிடம் சம்மதம் கேட்பதற்கு முன்னால் கதை கேள். தாத்தாவுக்கு ஒரு சாவுக்கு என்ன கொடுத்தார்கள், அன்றைக்குக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை என்ன, மறுநாள் என்ன ஆனது. எழுதி வைத்துக்கொள். நீ குழுவில் சேர்ந்தால், முதல் நிகழ்ச்சியில் முதல் அடி விழுவதற்கு முன்னால் அந்தக் கதையை யாராவது ஒருவர் மேடையில் சொல்லட்டும். அப்பா அழைப்பை ஏற்று வருவாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால் முன்வரிசையில் உட்கார வை.

ஒரு எச்சரிக்கை. குழுவில் யாராவது, "உனக்கு இது ரத்தத்திலேயே இருக்கும், சீக்கிரம் வந்துடும்" என்றால் அங்கேயே நிறுத்து. ரத்தத்தில் ஹீமோகுளோபின்தான் இருக்கிறது. இடக்கையில் நீளமான மூங்கில் சிம்புக்குச்சியையும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியையும் பிடித்து முதல் பாடம் அடிக்கும்போது, எல்லார் மணிக்கட்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும். பாராட்டுகிற மாதிரி பேசி, பழைய கணக்கிலேயே உன்னைச் சேர்க்கிற பேச்சு அது.

இன்னொன்று. கதை எல்லாம் கேட்ட பிறகு 'எனக்கு வேண்டாம்' என்று உனக்கே தோன்றினால், தோழிகளுக்காகச் சேராதே. தாத்தா உனக்கு விட்டுப்போன சொத்தில் மறுக்கிற உரிமையும் ஒன்று.

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பறைக் குழுவை அழைக்கிறோம். இந்த முறை ஒரு மாணவர், "இதில் மரியாதையே இல்லை, நிறுத்துங்கள்" என்று சண்டை போடுகிறார். பறையை அழைப்பதே மரியாதைதானே?
– மாணவர் பேரவைச் செயலாளர், கோவை

அந்த மாணவரை எனக்குப் பிடித்துவிட்டது. அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். மேடையில் பாடுகிறவர் பெயர், மிருதங்கம் வாசிக்கிறவர் பெயர், அவர் குருவின் பெயர் எல்லாம் இருக்கும். கீழே 'பறையிசை முழங்க விருந்தினர் வரவேற்பு' என்று ஒரு வரி. அடிக்கிறவர்கள் யார்? அவர்களுக்குப் பெயர் இல்லையா?

அப்புறம் நேரம். காரிலிருந்து விருந்தினர் இறங்கியது முதல் அரங்க வாசல் வரை, வெயிலில் பின்பக்கமாக நடந்துகொண்டே அடிக்கிறார்கள். விருந்தினர் போனில் பேசிக்கொண்டே வருகிறார். வாசலில் குத்துவிளக்கு வந்ததும் முதல்வர் கையைக் காட்டுவார், நிறுத்திவிட வேண்டும். அரங்கக் கதவு சாத்தப்படும். அவர்கள் வெளியே. இதை நான் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் கல்லூரியைத் தனியாகத் திட்டுவதாக நினைக்க வேண்டாம்.

பறையை நிறுத்த வேண்டாம். மேடையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் கொடுங்கள். ஒத்தையடி, பாடம் அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி என்று ஒவ்வொன்றும் எதற்கு என்று ஆசானே மைக் பிடித்துச் சொல்லட்டும். தோல் பறை என்றால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும், அப்போதுதான் தோல் இறுகிச் சத்தம் எழும்பும். அதற்கு ஓர் இடம், கொஞ்சம் வைக்கோல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து, காவலாளியிடமும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு விழாவிலும் "யாருய்யா இங்க நெருப்பு வைக்கிறது?" என்று ஒரு காவலாளி ஓடி வருவதும், நரைத்த ஆசான் ஒருவர் அவரிடம் கெஞ்சுவதும் பார்க்கச் சகிக்கவில்லை. உடை மாற்ற அறை கொடுங்கள். குழுவில் பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக. பாடகருக்கு எந்தப் பந்தியில் சாப்பாடோ அதே பந்தி, அதே நேரம். முன்பணம் பாதி, மீதி மேடையிலிருந்து இறங்கியதும். 'கணக்குப் பிரிவில் கையெழுத்தாகி வரும்' என்று மூன்று மாதம் இழுக்கிற வேலை வேண்டாம்.

2025-ல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர். அதே பட்டியலில் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இருந்தார். எங்கள் பகுதியில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். ஆனால் டெல்லியில் ஒருவருக்குப் பதக்கம் குத்தியதால் உங்கள் கல்லூரி வாசலில் நிற்கும் பறைக் குழுவுக்கு மத்தியானச் சோறு தானாக வந்துவிடாது. அது பேரவைச் செயலாளர் கையில் இருக்கிறது.

சென்னையில் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. மீனவர் குப்பத்தில் கர்நாடக இசையும் பரதமும் பறையும் ஒரே மேடையில். பின்னால் 'சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல முயற்சி, பல இளைஞர்கள் வேலை செய்தார்கள். ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். சபா என்கிற கச்சேரி அரங்கில் இருப்பவர் குப்பத்துக்கு வந்தால் பத்திரிகைகள் எழுதுகின்றன. குப்பத்துப் பையன் சபாவில், டிசம்பர் மாதத்தில், மாலை முக்கிய நேரத்தில், டிக்கெட் போட்டு வாசிப்பது அதைவிடக் கடினம். உங்கள் அரங்கம் சபாவைவிடச் சின்னது. அங்கே அதைச் செய்து பார்க்கலாம்.

தொல்காப்பியத்திலேயே பறை இருக்கிறது. இத்தனை பழமையான இசைக்கருவிக்கு ஏன் மரியாதை இல்லை? பேச்சுப் போட்டிக்குக் கேட்கிறேன்.
– பிளஸ் டூ மாணவி, தருமபுரி

இருக்கிறது. ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் ஒரு பறை உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வரிசையாகப் படித்திருப்பாய். போட்டிக்கு அது போதும், கைதட்டலும் வாங்கலாம்.

போட்டி முடிந்த பிறகு யோசிக்க ஒன்று சொல்கிறேன். பறைக்கு 2,000 வருடப் பழமையைக் காட்டினால்தான் அதை அடிக்கிறவருக்குக் கண்ணாடி டம்ளரில் டீ கிடைக்கும் என்றால், சென்னையின் கானாவுக்கு என்ன செய்வது? அதற்குத் தொல்காப்பியத்தில் சான்று கிடையாது. வடசென்னையின் தெருக்களில் வளர்ந்தது, சாவு வீட்டில் ராத்திரியெல்லாம் பாடப்படுவது. பாடுகிறவர் மனிதர். அந்த ஒரு காரணம் போதாதா? இதையும் கடைசி நிமிடத்தில் சேர்த்துப் பேசு. நடுவர்கள் மதிப்பெண் குறைத்தால் எனக்கு எழுது.

நான் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் கழிவுநீர்க் குழிக்குள் மார்பளவு இறங்கி வேலை செய்வதைப் படம் எடுத்தேன். முகம் நன்றாகத் தெரிகிறது. ஒரு போட்டிக்கு 'மனிதம்' என்ற தலைப்பில் அனுப்பப் போகிறேன். பரிசு நிச்சயம் என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் ஏதோ உறுத்துகிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.
– மாணவர், திருச்சி

படம் பார்த்தேன் தம்பி. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஈரத் தோளில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம். ஓவிய வாத்தியாராக முழு மதிப்பெண் போடுவேன். எனக்குத் தொந்தரவாக இருந்ததும் அந்த வெளிச்சம்தான். அவ்வளவு அழகாக அமையும்வரை நீ காத்திருந்திருக்கிறாய். அவர் அதுவரை உள்ளே இருந்திருக்கிறார்.

படம் எடுத்து முடித்ததும் என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை. நீ பார்த்தது சட்டப்படி ஒரு குற்றம் நடக்கிற இடம். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து 1993-லேயே சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆள் இறக்குவதையும் தடை செய்தது. குற்றவாளி இறங்கியவர் அல்ல, இறக்கியவர். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்த வேண்டி வந்தது என்றாலே சாவு நிற்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது உன் படத்தை மறுபடி பார். குற்றத்துக்கு ஆளானவரின் முகம் தெளிவாக இருக்கிறது. அவரை வேலைக்கு அழைத்தவர் சட்டகத்துக்கு வெளியே எங்கேயோ நிழலில் நிற்கிறார். படம் பரவினால் முதலில் வேலை போவது யாருக்கு? அவருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ, அப்பா என்ன வேலை என்று அங்கே என்ன சொல்லியிருக்கிறதோ. பல வீடுகளில் 'கார்ப்பரேஷன்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதை உடைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? சாக்கடைக்குள் நிற்கிறவரிடம் மேலே நின்று 'எடுக்கலாமாண்ணே?' என்று கேட்டு அவர் தலையாட்டியிருந்தாலும், அதை அனுமதி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நம் மதுரைப் பக்கத்துக்காரர் எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறார். அவர் படங்களைத் தேடிப் பார். சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கும் மனைவி, பிள்ளைகள், சுவரில் மாட்டிய படம் எல்லாம் அவற்றில் இருக்கும். பெயர் இருக்கும். அதோடு அவர் விடவில்லை, உழைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து அவர்களுக்கே கற்றுக்கொடுக்கிறார். நீ எடுத்த இந்த மனிதரை அவர் மகள் படம் எடுத்தால் எப்படி எடுப்பாள்? சாக்கடையில் வைத்து எடுக்க மாட்டாள் என்பது என் ஊகம். சட்டை மாற்றி, தலை சீவி, சைக்கிள் பக்கத்தில் நிற்க வைத்து எடுப்பாள்.

அதனால் போட்டியை விடு. அவரைத் தேடிப் போய்ப் பேசு. படத்தைக் காட்டு. அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழி. புகார் கொடுக்க அவருக்குச் சம்மதம் என்றால் அது சாட்சியம், அச்சடித்துக் கொடு. உங்கள் தெருவில் அடுத்த முறை அடைப்பு வந்தால், எந்திரம் வைத்து எடுக்க 14420 என்ற எண் இருக்கிறது என்று வீட்டுக்காரர்களிடம் சொல். அவரை இறங்கச் சொன்னவர் ஒப்பந்தக்காரரா, உன் பக்கத்து வீட்டு மாமாவா? உனக்குத் தைரியம் இருந்தால் அந்த முகத்தை எடு.

'மனிதம்' என்ற தலைப்பு எந்தப் படத்துக்கும் வேண்டாம். அந்தத் தலைப்பில் வருகிற படங்களில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது பார்த்திருக்கிறாயா?

பி.இ. முடித்த என் மகன் வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் வீதி நாடகம், கானா, சமத்துவம் என்று சுற்றுகிறான். இது சோறு போடுமா?
– ஒரு அம்மா, சென்னை

போடாது அம்மா. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் நிகழ்ச்சி நடத்தியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 19 பேரைக் கூட்டிவந்து மேடையேற்றினார்கள். கானாவும் ராக்கும் பறையும் ஒன்றாக. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 19-ஆம் நூற்றாண்டிலேயே பேசிய சாதியற்ற தமிழர் என்ற கருத்துதான் அந்தப் பெயரின் வேர். மைதானம் நிறைந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் தெரு பையன்கள் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். உங்கள் மகனும் வேலையை விடவில்லையே, கவலையை விடுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆண் பெண் சமத்துவ நாடகம் போட்டுவிட்டு வந்து அழுக்குச் சட்டையை எங்கே போடுகிறான்? உங்கள் பக்கம் தூக்கிப் போட்டால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவனையே சமைக்கச் சொல்லுங்கள். ஒத்திகையாக இருக்கட்டும்.

நான் திருநங்கை, வயது 19. பரதம் கற்கிறேன். கல்லூரிகளில் என்னை அழைக்கிறார்கள். போனால், "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொன்னால் அழுகிறார்கள், எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், சால்வை போடுகிறார்கள். ஆட மட்டும் விடுவதில்லை. நேரமில்லை என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா? குவிந்து கிடக்கும் சால்வைகளை என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மதுரை

இல்லை தாயி. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு அதிகக் கோபம் வரவழைத்தது உன்னுடையதுதான்.

வீட்டை விட்டு வெளியேறியது, அடி வாங்கியது, பசித்தது இதையெல்லாம் முந்நூறு பேர் முன்னால் ஒவ்வொரு மாதமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்கள் அழுது முடித்து இலேசாகி வீட்டுக்குப் போகிறார்கள். நீ அதே கனத்தோடு பேருந்தில் திரும்புகிறாய். அந்தக் கதை உன்னுடையது. எப்போது, யாரிடம், எவ்வளவு என்பது உன் இஷ்டம்.

உன் ஊரிலேயே பிறந்தவர் நர்த்தகி நடராஜ். பரத ஆசான் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் வருடக்கணக்கில் இருந்து கற்றவர். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார், திருநங்கைகளில் அதைப் பெற்ற முதல் ஆள். 2021-ல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் ஆனார். காதல் தலைவியாகவே மாறி அவர் ஆடும் நாயகி பாவத்தைப் பற்றி நடனம் தெரிந்தவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் உனக்கும் வேண்டும்.

ஏப்ரல் 15 வரப்போகிறது. நம் மாநிலத்தில் திருநங்கையர் தினம். 2008-ல் அன்றைக்குத்தான் நல வாரியம் அமைத்தார்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததும் அதே தேதியில். உனக்கு நிறைய அழைப்பு வரும். எல்லாருக்கும் ஒரே பதில் அனுப்பு: 'ஒரு வர்ணம் ஆடுவேன். முப்பது நிமிடம் வேண்டும். சன்மானம் இவ்வளவு. முடிந்ததும் நடனத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.' பாதிப் பேர் பின்வாங்குவார்கள். மீதிப் பேர் உன்னை ஆடப் பார்ப்பார்கள். சால்வைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். தைத்து ஒத்திகைப் பாவாடை ஆக்கலாம், துணி நன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் நிலம் வைத்திருக்கிற சாதி எங்களுடையது. நான் கல்லூரியில் பறை கற்றுக்கொண்டேன். வீட்டில் திட்டு. அதைவிட, தலித் நண்பன் ஒருவன், "உனக்கு இது ஃபேஷன், எங்களுக்கு இது காயம்" என்றான். நான் விட்டுவிட வேண்டுமா?
– மாணவர், தேனி மாவட்டம்

விட வேண்டாம். ஆனால் நண்பன் சொன்னதற்கு உடனே 'கலை எல்லாருக்கும் பொது' என்று பதில் சொல்லியிருந்தால், போய் அதை வாபஸ் வாங்கிவிட்டு வா. மேடையில் நீ பறை அடித்தால் 'முற்போக்கான பையன்' என்பார்கள். அவன் அடித்தால், 'ஓ, அவங்க ஆளுதானே' என்பார்கள். ஒரே குச்சி, ஒரே தோல். உனக்குப் பேர் கிடைக்கிறது, அவனுக்குச் சாதி தெரிந்துபோகிறது.

உன் வீட்டில் கேள்: உன் தாத்தா இறந்தபோது அடித்தது யார்? அவர்கள் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? என்ன கொடுத்தோம்? எங்கே உட்கார வைத்துச் சோறு போட்டோம்? இது உன் குடும்பத்து வரலாறு. கடலூர் மாணவிக்குச் சொன்ன மாதிரி நீயும் எழுதி வை, இரண்டு நோட்டும் ஒன்றாகப் படிக்கப்பட வேண்டியவை.

அப்புறம் ஒரு கேள்வி, நீ பதில் எழுத வேண்டாம். உங்கள் சொந்தக்காரர் வீட்டில் அடுத்து ஒரு சாவு விழுந்தால், உன் பறையை எடுத்துக்கொண்டு போய்ப் பிணத்துக்கு முன்னால் நடப்பாயா? கல்லூரி மேடையில் அடிக்கிற அதே கையோடு?

காசு விஷயமும் இருக்கிறது. மாணவர் குழுக்கள் பேருந்துக் கட்டணமும் பிரியாணியும் கொடுத்தால் போதும் என்று போய் அடித்துவிட்டு வருகிறீர்கள். அதே ஊரில் அதை நம்பிப் பிழைக்கிற குழு இருக்கும். அடுத்த தடவை விழாக்காரர்கள் அவர்களிடம், "காலேஜ் பசங்க சும்மாவே வர்றாங்க, நீ என்ன இவ்வளவு கேக்குற?" என்பார்கள். இலவசமாகப் போகாதீர்கள். யாராவது கூப்பிட்டால் முதலில் உங்கள் ஆசானுடைய குழுவின் எண்ணைக் கொடுங்கள். அவர்களுக்கு வேறு நிகழ்ச்சி இருந்தால் நீங்கள் போங்கள், அவர்கள் வாங்குகிற அதே தொகைக்கு.

பறை எங்கே கற்கலாம்? தோலா, ஃபைபரா? எது வாங்குவது?
– பல வாசகர்கள்

கலை பண்பாட்டுத் துறை, மாவட்டங்களில் உள்ள அரசு இசைப்பள்ளிகளில் பகுதி நேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி நடத்துகிறது. கட்டணம் குறைவு. உங்கள் மாவட்டத்தில் பறை இருக்கிறதா, வேறு கலையா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பகுதியில் இருக்கும் கலைக்குழுவைத் தேடிப் போய் ஆசானிடம் கேளுங்கள். காணொளியில் பார்த்து அடவு கற்கலாம், தாளத்தில் சறுக்கினால் நிறுத்திச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆரம்பத்தில் ஃபைபர் போதும். மழையில் தொய்யாது, காய்ச்ச வேண்டியதில்லை, விடுதி வார்டனும் சண்டைக்கு வரமாட்டார். கை பழகிய பிறகு தோலுக்கு மாறுங்கள். வேப்பமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல், அதன் சத்தத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டால் வித்தியாசம் புரியும். கட்டுகிறவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

பயிற்சிக்குச் சேருகிற எல்லாரும் இன்னொரு வேலையும் செய்யலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. வயதான ஆசான்கள் பல பேர் அதில் பதியவில்லை, பதிந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு மலைப்பு. உங்கள் ஆசானிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வகுப்புக்குப் போகும்போது விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துப் போங்கள். ஆதார் நகலும் புகைப்படமும் தயாராக வைத்திருக்கச் சொல்லி முந்தின நாளே அவருக்குப் போன் போட்டுவிடுங்கள்.